உருளாத சக்கரமும் ஒரு மரண அறிவித்தலும்

எழுத்துத் தொழிலில் இருப்பவனுடைய வலது கைச் சுட்டுவிரல் ஒரு காலத்தில் பேனா பிடித்தது. இப்போது அது ஒரு சிறு சக்கரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் தடவை உருட்டுகிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தச் சக்கரம் உருளாமற் போன ஒரு திங்கட்கிழமை இரவிலேதான் நான் அதனை எண்ணிப் பார்த்தேன்.

உருளாமற் போயிற்று என்று எழுதுவதும் பிழை. சக்கரம் உருண்டது, பக்கம்தான் உருளவில்லை. இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு நாட்கள் சென்றன.

வெள்ளவத்தையில் உள்ள எமது தொடர்மாடி வீட்டின் சிறிய அறையொன்றில் அன்று கணனியின் முன்னால் அமர்ந்திருந்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் எவ்வாறு அச்சாகின என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. மறுநாள் இரவு 9 மணிக்குள் அது ஆசிரியரின் மேசைக்குப் போயாக வேண்டும். 2005 ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகம் இணையத்தளத்திலிருந்து பழைய பத்திரிகைப் பக்கங்களை இறக்கி, ஒவ்வொன்றாக உருட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பக்கம் நின்றுவிட்டது. சக்கரத்தை மேலே உருட்டினேன், கீழே உருட்டினேன். ‘கிறிக், கிறிக்’ என்ற சத்தம் கேட்டதே தவிர, திரையில் எதுவும் அசையவில்லை.

அதற்கு முதல் நாள் இரவுதான் என் தம்பியின் குடும்பம் ஓகஸ்ட் விடுமுறையை எம்முடன் கழித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறியிருந்தது. தம்பியின் மகனுக்கு 13 வயது. எமது வீட்டில் இருந்த 10 நாட்களும் நான் அலுவலகம் சென்ற நேரங்களில் இந்தக் கணனியில்தான் அவன் விளையாடினான். ஆகவே எனக்கு யோசிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. தொலைபேசியை எடுத்தேன்.

“உன்ரை பெடியன் என்ரை மௌஸை என்ன செய்தவன்?”

தம்பி ஒன்றும் விளங்காமல் மகனிடம் தொலைபேசியைக் கொடுத்தான்.

“பெரியப்பா, நான் விளையாட எடுத்தனான்தான். ஆனா நான் வெளிக்கிடேக்கை அது நல்லா வேலை செய்தது.”

“பொய் சொல்லாதை” என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் சத்தம் இல்லை. பிறகு தம்பியே பேசினான். “புதுசொண்டு வாங்கித் தாறன், அண்ணை” என்றான். வேண்டாம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

நிற்க.

இந்த மௌஸ் என்ற கருவி பிறந்தபோது அதற்கு இந்தச் சக்கரம் இருக்கவில்லை. டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கரின் சிந்தனையில் உதித்து, பில் இங்கிலிஷ் என்ற பொறியியலாளரின் கையால் 1964 இல் உருவான முதலாவது மௌஸ் ஒரு மரப்பெட்டி. மேலே ஒரேயொரு பொத்தான். அடியிலே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சில்லுகள். 1968 டிசெம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதனை அறிஞர் சபையொன்றின் முன் இயக்கிக் காட்டினார். சுட்டுவிரலுக்கென்று மேலே ஒரு சக்கரம் வைத்த மௌஸ் உலகெங்கும் பரவியது 1996 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னர்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1993 இல், நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது எங்கள் அலுவலகத்தில் சக்கரமுள்ள மௌஸும் இல்லை, சக்கரம் இல்லாத மௌஸும் இல்லை, மின்சாரமே இல்லை.

மௌஸின் கோளாறுக்கு வருவோம். முதலாவதாக எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். அடியிலுள்ள ஆளியை நிறுத்தி மீண்டும் போட்டேன். கணனியையும் நிறுத்தி இயக்கினேன். பயனில்லை. அடுத்தது பற்றரி. கம்பியில்லா மௌஸ் என்பதால் அதன் வயிற்றுக்குள் ஒரு பென்ரோச் பற்றரி உண்டு. அதனைக் கழற்றிப் புதியது ஒன்றைப் போட்டேன். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் விளைவாக இருக்கலாம். 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கிய பின்னர் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. இன்று சில்லறைக் கடையில் சாக்குப்போக்கு எதுவுமின்றி வாங்கிவரும் இந்தச் சிறிய உருளைக்காக அன்று யாழ்ப்பாணத்தில் ஏங்காதவர் இல்லை. செய்தி கேட்பதற்கு வானொலிக்கு மின்சாரம் வேண்டும். சைக்கிளை நிமிர்த்தித் தாங்கியில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைத்தது. செத்த பற்றரியை வெயிலிற் காயவைத்தும், துளையிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றியும் இன்னும் ஓரிரு நாட்களுக்கு உயிர் கொடுத்தோம். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, இன்றும் ஒரு பற்றரியைக் குப்பைக் கூடையிற் போட எனக்கு உடனே மனம் வருவதில்லை.

புதிய பற்றரியாலும் பக்கம் உருளவில்லை. உண்மையில் அது உருளாது என்பதை நான் முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். அம்புக்குறி வழக்கம்போல ஓடியது. இடது பொத்தானும் வலது பொத்தானும் சொன்னபடி கேட்டன. சக்கரத்தை அழுத்தினால் அந்த அழுத்தம்கூடக் கணனிக்குப் போய்ச் சேர்ந்தது. பற்றரி இறந்திருந்தால் எல்லாமே இறந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரேயொரு விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் மின்சாரசபையைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை.

மூன்றாவதாகச் சந்தேகத்துக்கு உள்ளானது கணனியின் யுஎஸ்பி துளையிற் செருகியிருக்கும் நகமளவு சிறிய துண்டு. மௌஸ் அனுப்பும் வானொலி அலையை வாங்கிக் கணனிக்குக் கொடுப்பது அதுதான். இந்த வகை மௌஸ்கள் 2.4 ஜிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிற் பேசுகின்றன. யுஎஸ்பி 3 வகைத் துளைகளும் அவற்றிற் செருகிய வன்தட்டுகளும் இதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பக்கூடும் என்பதை இன்ரெல் நிறுவனம் 2012 இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருந்தது. எனது கணனியிலும் அந்தத் துண்டுக்குப் பக்கத்திலேயே வெளி வன்தட்டு ஒன்று செருகியிருந்தது. ‘கள்ளன் அகப்பட்டான்’ என்று மகிழ்ந்து, துண்டைக் கழற்றித் தூரத்திலுள்ள வேறொரு துளையிற் செருகினேன். கள்ளன் அவனும் அல்லன். அலை குழம்பினால் அம்புக்குறியும் தத்தித் தத்தி ஓட வேண்டும், அது தத்தவில்லை.

இவ்வேளையில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். எந்தக் கணனிக் கோளாறுக்கும் அவரிடம் ஒரு மருந்து இருக்கும். “ஸ்க்ரோல் லொக் என்று ஒரு விசை இருக்குதல்லோ, அதைத் தட்டிப் பாரும்” என்றார். பெயரைக் கேட்டதும் எனக்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 1981 ஆம் ஆண்டு ஐபிஎம் கணனியின் விசைப்பலகையிலேயே இடம்பிடித்துவிட்ட அந்த விசை, அம்புக்குறி விசைகளின் தொழிலை மாற்றுவதற்காக ஏற்பட்டது. எக்செல் போன்ற சில செயலிகள் மாத்திரம் இன்றும் அதனை மதிக்கின்றன. மௌஸின் சக்கரத்துக்கும் அதற்கும் உறவில்லை. தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றுதான் என்று எண்ணிச் செய்தி எழுதி அவதிப்பட்டவர்கள் எமது தொழிலில் உண்டு.

பின்னர் விண்டோஸின் அமைப்புகளுக்குள் நுழைந்தேன். சக்கரத்தை ஒரு பல் உருட்டினால் எத்தனை வரிகள் நகரவேண்டும் என்று அங்கே குறிக்கலாம். வழக்கமாக 3 என்றிருக்கும். எனது கணனியிலும் 3 என்றுதான் இருந்தது. அதனை 10 ஆக்கினேன். பத்து வரிகளும் நகரவில்லை. ஒரு வரியும் நகரவில்லை. கோளாறு ஒரு செயலியிலா, எல்லாவற்றிலுமா என்று பார்ப்பதற்காக உலாவியைத் திறந்தேன், வேர்டைத் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. மௌஸை இயக்கும் மென்பொருளை நீக்கிக் கணனியை மீண்டும் இயக்கினேன். அது தானாகவே திரும்ப நிறுவிக்கொண்டது. சக்கரம் மட்டும் ‘கிறிக், கிறிக்’ என்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

இரவு 12 மணியாகிவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக நான் செய்ததெல்லாம் என்ன? அம்பு எய்துவிட்டு இலக்கைத் தேடியிருக்கிறேன். கோளாறு மௌஸிலா அல்லது கணனியிலா என்ற முதற் கேள்வியையே நான் கேட்கவில்லை. செய்தியை இரண்டாவது இடத்தில் உறுதிப்படுத்து என்று இளம் நிருபர்களுக்கு 20 ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருபவன் நான். எனது மனைவி பாடசாலை ஆசிரியை. அடுத்த அறையில் அவருடைய மடிக்கணனி இருந்தது. மௌஸின் சிறு துண்டைக் கழற்றி அதிற் செருகினேன். அங்கேயும் பக்கம் உருளவில்லை. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய கம்பி மௌஸைத் தேடியெடுத்து எனது கணனியிற் செருகினேன். பக்கம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு சோதனைகளுக்கும் சேர்த்துச் சென்ற நேரம் 4 நிமிடம். கணனி நிரபராதி. குற்றவாளி மௌஸின் உடலுக்குள்ளேயே இருக்கிறான்.

மறுநாள் மாலை கட்டுரையைக் கம்பி மௌஸின் உதவியுடன் முடித்து அனுப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் சின்ன ஸ்க்ரூ ட்ரைவருடன் உட்கார்ந்தேன். மௌஸை வாங்கிய பம்பலப்பிட்டிக் கடைக்காரரை அதற்கு முன்னர் மனதுக்குள் ஒருமுறை திட்டியும் முடித்திருந்தேன். இரண்டாந்தரச் சாமானை முதற்தர விலைக்கு விற்றுவிட்டார் என்பது எனது இரண்டாவது தீர்ப்பு.

பற்றரியை முதலிற் கழற்றி வைத்தேன். திருகாணிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மௌஸ் மேசையில் வழுக்குவதற்காக அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதங்களுக்குக் கீழே இரண்டும், பற்றரி அறையில் ஒட்டிய சீட்டுக்குக் கீழே ஒன்றும் ஒளிந்திருந்தன. அவற்றைக் கழற்றி மேல்மூடியை மெதுவாகத் தூக்கினேன்.

சக்கரத்தின் இரகசியம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சக்கரத்தைச் சுற்றிலும் சீப்பின் பற்களைப்போலச் சிறு இடைவெளிகள். ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் சிறு விளக்கு. மறுபக்கத்தில் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் உணரி. அந்த உணரிக்கு இரண்டு கண்கள். சக்கரம் சுழலும்போது ஒளி விட்டு விட்டுத் தெரிகிறது. எந்தக் கண் முதலில் ஒளியைக் கண்டது என்பதை வைத்து மேலே உருட்டினோமா, கீழே உருட்டினோமா என்பதை மௌஸ் தீர்மானிக்கிறது. சாதாரண மௌஸ் ஒன்றில் ஒவ்வொரு பல்லுக்கும் 120 என்ற எண் விண்டோஸுக்குப் போய்ச் சேர்கிறது. மேலே என்றால் கூட்டல், கீழே என்றால் கழித்தல். ‘கிறிக்’ என்ற சத்தத்தை எழுப்புவது வேறொரு சிறு வில். சத்தம் கேட்பதனால் செய்தி போகிறது என்று நினைக்கக்கூடாது.

வேறு சில மௌஸ்களில் ஒளிக்குப் பதிலாக உலோகத் தொடுகைகள் உள்ள சிறு பெட்டி ஒன்று இந்த வேலையைச் செய்யும். அவற்றில் தொடுகைகள் அழுக்கடைந்தால் பக்கம் முன்னும் பின்னுமாகத் துள்ளும். அதற்கு மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் திரவம் தேவை. எனது மௌஸுக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. அச்சைச் சுற்றி ஒரு தூசிப் பந்து. அதிலிருந்து புறப்பட்டுச் சக்கரத்தின் இடைவெளிகளையெல்லாம் பின்னி அடைத்துக்கொண்டு மயிர்கள். விளக்கு எரிந்தும் உணரியின் கண்களுக்கு ஒளி போகவில்லை.

மனைவியின் சாமணத்தை வாங்கி ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். மனைவி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

“எல்லாம் இந்தப் பூனையின்ரை வேலை. எந்த நேரமும் மேசையிலைதான் படுக்கை” என்றேன். எலியைப் பூனை பிடித்த கதையாகப் போயிற்று என்று ஒரு பகிடியும் விட்டேன்.

மனைவி சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “பூனை செம்மஞ்சளெல்லே. இது வெள்ளை” என்றார்.

தாளைப் பார்த்தேன். சின்னஞ்சிறு வெள்ளை மயிர்கள். தம்பியின் மகனுக்குத் தலை நிறையக் கரிய சுருள்மயிர். மனைவியின் கூந்தல் நீளம். எமது வீட்டில் குட்டையாக வெட்டிய நரைமயிர் உள்ளவன் ஒருவன்தான். எழுதும்போது சொல் அகப்படாவிட்டால் மௌஸை விட்டுவிட்டு வலது கையால் உச்சந்தலையைச் சொறிந்துவிட்டு மீண்டும் மௌஸைப் பிடிப்பது அவனுடைய பழக்கம். 30 ஆண்டுகளாக அவனுக்குச் சொற்கள் இலகுவில் அகப்படுவதில்லை.

சிறுவன், கடைக்காரர், பூனை என்று இரண்டு நாட்களில் மூன்று பேரைக் குற்றவாளிகளாக்கிவிட்டு நான்காவதாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறேன். மனைவி மேலும் எதுவும் சொல்லாமல் குசினிக்குப் போய்விட்டார். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந் தெரிந்த வேறொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. அதனை இதுவரை நான் எவருக்கும் சொன்னதில்லை.

1994 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் நான் அப்போது பணியாற்றியது ஒரு சிறிய பத்திரிகை. பத்திரிகைத் தாளுக்குத் தட்டுப்பாடு. பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாள்களில் பத்திரிகைகள் அச்சான காலம். எங்கள் அச்சகத்தில் எழுத்துக்களைக் கையாற் கோத்து, காலால் மிதிக்கும் இயந்திரத்தில் அச்சடித்தோம். போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எழுத்துப் பெட்டிகளின் முன்னால் நின்று கோத்தவர் என்னைவிட 25 வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் ‘அண்ணை’. அவருடைய பெயரை நான் இங்கு எழுதப்போவதில்லை.

ஒருநாள் மாலை இரண்டு வீட்டார் ஒருவர்பின் ஒருவராக மரண அறிவித்தல் கொடுக்க வந்தார்கள். நான்தான் கேட்டு எழுதினேன். மறுநாள் வெளிவந்த அறிவித்தல் ஒன்றில், தகனக்கிரியைக்காகப் பூதவுடல் பிற்பகல் 3 மணிக்கு எடுத்துச் செல்லப்படும் என்றிருந்தது. உண்மையான நேரம் பிற்பகல் 1 மணி. இறந்தவரின் தம்பி பருத்தித்துறையில் இருந்தார். தொலைபேசி இல்லாத காலம். பத்திரிகை பார்த்துத்தான் அவருக்கு விடயமே தெரிந்தது. 3 மணி என்று நம்பி, ஏறத்தாழ 20 மைல் சைக்கிள் மிதித்து, இரண்டரை மணிக்கு நல்லூரில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மயானத்துக்கு ஓடினார். சிதை எரிந்துகொண்டிருந்தது. தமையனின் முகத்தை அவர் காணவில்லை.

மறுநாட் காலை அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. பத்திரிகையை மேசையில் விரித்து, அந்த 3 ஐ விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அழுதார்.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். “நான் 1 என்றுதான் எழுதினேன்; கோத்ததில் பிழை” என்றேன். எழுதியது எனக்கு நினைவிலிருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் சொல்லும்போது அது உண்மை என்றே நம்பினேன். தன்னைத் தவிர்த்துவிட்டுத் தேடுபவனுக்கு நம்பிக்கை வெகு சீக்கிரம் வந்துவிடும்.

அண்ணையைக் கூப்பிட்டார்கள். “தம்பி எழுதினதைத்தான் கோத்தனான், ஐயா” என்றார். மூலப்பிரதியைக் கம்பியிற் குத்தி வைப்பதுதான் வழமை. ஆனால் அன்று அது அகப்படவில்லை. ஒரு பக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தையும் வீணாக்க முடியாத காலமாகையால் அது வேறு செய்திக்காகப் போயிருந்தது. அண்ணைக்கு இரண்டு நாட் சம்பளம் வெட்டப்பட்டது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வந்தார்.

மூன்று வாரங்களின் பின்னர் பழைய செய்தியொன்றைத் தேடிக் கம்பியைப் புரட்டியபோது, ஒரு தாளின் பின்பக்கத்தில் எனது கையெழுத்தைக் கண்டேன். பிற்பகல் 3 மணி. தெளிவான 3. மற்ற வீட்டாரின் நேரத்தை இந்த வீட்டாரின் அறிவித்தலில் எழுதியிருந்தேன். சுற்றிலும் பார்த்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பின்னரும் ஒரு வருடத்துக்கு மேலாக அண்ணையும் நானும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்றிருந்தேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் முழுவதும் கைதடியை நோக்கி நடந்தது. அந்தச் சனவெள்ளத்தில் அவர் எந்தப் பக்கம் போனார் என்று எனக்குத் தெரியாது. பின்னர் விசாரித்த இடங்களிலும் தகவல் இல்லை. அந்தத் தாளும் இடப்பெயர்வில் எங்கோ போய்விட்டது.

மீண்டும் மௌஸுக்கு வருகிறேன். இடைவெளிகளை மெல்லிய தூரிகையாற் துடைத்து, மூடியைப் போட்டு, திருகாணிகளை முடுக்கி, பற்றரியைச் செருகினேன். பக்கம் உருண்டது. அன்று கழற்றிய பழைய பற்றரியைத்தான் போட்டேன். அதில் உயிர் இன்னும் மிச்சமிருந்தது.

இதே கோளாறினால் அவதிப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ன வேலை செய்கிறது, என்ன வேலை செய்யவில்லை என்பதை முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். மௌஸை வேறொரு கணனியிலும், வேறொரு மௌஸை உங்கள் கணனியிலும் போட்டுப் பாருங்கள். கோளாறு கணனியில் என்றால் அமைப்புகளுக்குப் போங்கள். மௌஸில் என்றால் பற்றரியைக் கழற்றிவிட்டு, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டும் திறந்து பாருங்கள். எவரையேனும் குற்றம் சொல்வதாக இருந்தால் அதனை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குத் தேவை ஏற்படாது.

அன்றிரவே தம்பியின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகனைக் கேட்டேன். வரத் தயங்கினான் என்பது தம்பி அவனை இரண்டு தடவை கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது.

“தம்பி, மௌஸிலை பிழை உன்னாலை வரேல்லை. என்ரை தலைமயிர்தான் போய் அடைச்சிருக்கு. நீ சொன்னது உண்மை. நான்தான் உன்னைப் பொய் சொல்லாதை எண்டு சொன்னனான். அது பிழை” என்றேன்.

சிறிது நேரம் யோசித்தான். “இப்ப ஸ்க்ரோல் பண்ணுதோ, பெரியப்பா?”

“பண்ணுது.”

“கழட்டினனீங்களோ? நீங்களே கழட்டினனீங்களோ?” என்று கேட்டான். குரலில் இருந்த வியப்பு எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது. உள்ளே என்ன இருந்தது, விளக்கு எந்தப் பக்கம், உணரி எந்தப் பக்கம் என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்தான். நல்ல நிருபனாக வருவான்.

தொலைபேசியை வைத்த பிறகும் கணனியின் முன்னால் நெடுநேரம் இருந்தேன். திரையில் 1994 ஆம் ஆண்டின் பழைய பக்கங்கள். சக்கரம் உருண்டுகொண்டிருந்தது. எங்கள் சிறிய பத்திரிகையின் பிரதிகள் எதுவும் அந்தச் சேகரிப்பில் எனக்கு அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் அதில் அந்த 3 மட்டுந்தான் இருந்திருக்கும். அதை எழுதியவன் யார் என்பது இருந்திராது.

அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அண்ணை, நீங்கள் சரியாகத்தான் கோத்தீர்கள். 3 என்று எழுதியவன் நான்.